மூன்றாம் எண்ணின் முதுகு

அஸ்லாக்கின் முகம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.
பதினோரு பருவங்கள் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று
நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் முதுகை.
மூன்று என்ற எண்.
அதன் மேல் வளைவில்தான் வியர்வை முதலில் கறுக்கும்,
கீழ் வளைவுக்கு இறங்குவதற்குள்
இடைவேளை விசில் வந்துவிடும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள்.
கோல்கள் நான்கு.
அதில் ஒன்று எனக்கே அடித்தது:
நவம்பர், உறைபனி, என்னிடம் தட்டிவிட்ட பந்து,
நான் இடப்புறம் சாய்ந்திருந்தேன்.
யாராவது எண்ணிக்கை கேட்டால்
அதையும் சேர்த்தே சொல்வான்.
வலை அசைந்ததல்லவா என்பான்.

ரயில் வராத ஊர் எங்களுடையது.
ஏப்ரல் ஆட்டத்துக்கும் பனியை வாரிக் கொட்டவேண்டும்.
கோடுகளைச் சிவப்பில் வரைவார்கள்,
பந்து ஆரஞ்சு நிறம்,
கடற்காற்று யார் பக்கம் என்பது
நாணயம் சுண்டும்போதே தெரிந்துவிடும்.

ஒரு குளிர்காலம் இங்கிலாந்துக்குப் போனான்,
மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் எட்டு மாதம்.
திரும்பும்போது
ஒரு நாய்க்குட்டியும்
தேநீரில் பால் ஊற்றும் பழக்கமும் கொண்டுவந்தான்.

நாட்டுக்காக ஆடியது ஏழு நிமிடம்.
ஏதோ வெயில் தேசத்தில், காலி இருக்கைகளுக்கு முன்.
மூன்று முறை பந்தைத் தொட்டான்,
அதில் இரண்டு முறை கையால்,
எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவதற்கு.
அந்தச் சட்டையைச் சுன்னிவா துவைக்கவில்லை.
துவைக்க அதில் என்ன இருக்கிறது என்பாள்.

பிறகு யூஸ்தைன்.
எதிரணியின் வலது ஓரம், இருபத்திரண்டு வயது,
காலில் பந்து ஒட்டிக்கொண்டே வரும்.
எண்பத்தோராம் நிமிடம் அஸ்லாக் சறுக்கினான்.
நான் நிற்கும் இடத்துக்கு
எல்லாச் சத்தமும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.
அது மட்டும் உடனே வந்தது.
சிவப்பு அட்டையை நடுவர் உயர்த்தியபோது
அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினான்.
முழுதாக அவன் முகத்தைப் பார்த்தது
அன்றுதான்.

முப்பத்து நான்கில் முழங்கால் போதும் என்றது.
விடைபெறும் ஆட்டத்தை மழைக்காகத் தள்ளிவைத்தார்கள்,
அப்புறம் யாருக்கும் ஞாபகமில்லை.
செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் துகள்கள்
இன்றும் துவைக்கும் இயந்திரத்தின் வடிகட்டியில் அகப்படுகின்றனவாம்.
எட்டு வருடமாக. இரண்டாவது இயந்திரம் இது.

இப்போது கார்ப்படகில் வேலை.
மின்னும் மஞ்சள் மேலங்கி, முதுகில் எண் இல்லை.
வண்டிகளுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி
வா, வா, இன்னும், நில் என்று
கைகளால் அடுக்குகிறான்.
சாண் இடைவெளிகூட வீணாவதில்லை.
தடுப்பு வரிசையை நேராக்க
என்னைக் கத்தவைத்த ஆளா இவன்!

சென்ற மாதம் என் காருக்கு முன்னால் ஒரு வேன்.
பக்கவாட்டில் குழாய் வேலை என்று எழுதி, கீழே பெயர்.
நான் படிப்பதற்கு முன் அவன் படித்திருக்கவேண்டும்,
கைகள் அரை நொடி நின்றன.
பிறகு வா, வா, இன்னும்,
நில்.
யூஸ்தைன் இறங்கினான், இடதுகால் ஓர் எட்டு பிந்தியது.
காபி எங்கே என்று கேட்டான்.
மேல் தளம் என்று அஸ்லாக் சொன்னான்.

அக்கரைக்கு இருபத்தைந்து நிமிடம்.
நான் காருக்குள்ளேயே இருந்தேன்,
வைப்பர் போடாமல்.

கரை தட்டி, இரும்புக் கதவு இறங்கும்போது
வேனின் கண்ணாடியும் இறங்கியது.
மூன்றாம் எண்தானே?
ஆமாம்.
அன்றைக்கு, அதற்கு முன்னால்,
இரண்டு முறை உன்னைத் தாண்டிப் போனேன். ஞாபகம் இருக்கிறதா?
மூன்று முறை, என்றான் அஸ்லாக்.
பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது.
அவன் ஒதுங்கி நின்று
கையைத் தாழ்த்தி வழிவிட்டான்.

அடுத்து என் முறை.
என்னை அவன் பார்க்கவில்லை,
பார்வை வேன் போன சரிவில் இருந்தது.
உள்ளங்கையை மட்டும் பின்னால் விரித்துக் காட்டினான்,
பந்து உன்னுடையது, வந்து எடுத்துக்கொள் என்பதற்கு
நாங்கள் வைத்திருந்த சைகை.
நான் முதல் கியரைப் போட்டேன்.